உயிரொலி

நுழையும்முன்

உலகைக் காணும் முன்பே ஓர் உயிர் தன் இருப்பை ஒலியால் அறிவிக்கிறது. கருப்பைக்குள் துடிக்கும் சிற்றிதயத்தின் ஒலியை, தாயின் உடலுக்குள் கருவி எதையும் செலுத்தாமல், ஊசிமுனை அளவு காயமும் இன்றிக் கேட்டறியும் முறைகள் இருநூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளன. மரக்குழலில் தொடங்கி உடலில் ஒட்டப்படும் மின்வாய் வரை நீளும் அவ்வளர்ச்சியையும், காவிரியின் கடைமடையான நாகப்பட்டினத்தில் அவ்வறிவு உயிர்காக்கும் செயலாக மாற வேண்டியவை எவை என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கருவைப் போற்றிய மரபு

கருவில் வளரும் உயிரைப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில், தாயின் வயிற்றில் கரு திங்கள்தோறும் எதிர்கொள்ளும் இடர்களை மாணிக்கவாசகர் வரிசைப்படுத்திப் பாடியுள்ளார். சோழநாட்டில் அப்பராலும் சம்பந்தராலும் பாடப்பெற்ற திருக்கருகாவூரில், கருவைக் காக்கும் அன்னையாக இறைவி வழிபடப்படுகிறாள்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உறையும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பேறுகால வலியில் மகள் துடிக்க, காவிரியில் பெருகிய வெள்ளத்தால் தாய் கரையைக் கடக்க முடியாமல் தவிக்க, இறைவனே தாயின் உருவில் வந்து உதவினான் என்பது அத்தலத்தின் கதை. இக்கதைக்குள் ஆற்றுப்படுகை மக்களின் பழைய அச்சம் ஒன்று உறைந்திருக்கிறது. பேறுகாலத்தில் உதவி உரிய நேரத்தில் வந்து சேராமற் போகுமோ என்பதே அவ்வச்சம். மருத்துவம் வளர்ந்த இக்காலத்திலும் அவ்வச்சத்திற்கு விடை கண்டாக வேண்டியுள்ளது.

அன்றைய மருத்துவச்சி தன் கைகளாலேயே கருவை அறிந்தாள். வயிற்றைத் தொட்டுத் தலை எங்கே, முதுகு எப்பக்கம், குழந்தை அசைகிறதா என்பவற்றை உணர்ந்தாள். ஆனால், குழந்தை உள்ளே நலமாக உள்ளதா, களைத்துப்போயுள்ளதா என்பதைக் கைகள் கூறா. அதனைக் கூற வல்லது இதயத்தின் ஒலியே.

துடிக்கத் தொடங்கும் இதயம்

கருவுற்ற ஏறத்தாழ 22ஆம் நாளில் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அது நான்கு அறைகளைக் கொண்ட முழுமையான இதயமன்று. சுருங்கி விரியும் ஒரு குழல் மட்டுமே. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், ஆறு அல்லது ஏழாவது வாரத்தில் ஸ்கேன் கருவியின் திரையில் அத்துடிப்பைக் காணலாம். கையடக்க டாப்ளர் கருவியால் ஏறத்தாழ 12ஆம் வாரத்திலிருந்து அதனைக் கேட்கலாம். ஃபீட்டோஸ்கோப் எனப்படும் எளிய குழலால் கேட்பதற்கு ஐந்து மாதமேனும் நிறைந்திருக்க வேண்டும்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். நிறைமாதக் கருக்குழந்தையின் இதயமோ நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை துடிக்கும். இவ்வெண்ணிக்கை ஒரே சீராக நிற்பதில்லை. குழந்தை அசையும்போது துடிப்பு சற்று விரைவுபெறும். அமைதியாக உறங்கும்போது தணியும். இத்தகைய ஏற்ற இறக்கம் நலத்தின் அடையாளமாகும்.

பேறுவலியின்போது கருப்பை சுருங்கும். குழந்தைக்குச் செல்லும் குருதி ஓட்டம் சிறிது நேரம் குறையும். நலமான குழந்தை அதனைத் தாங்கிக்கொள்ளும். உயிர்வளி போதாத குழந்தையின் இதயமோ வலி தணிந்த பின்னும் மீளாமல் தயங்கித் துடிக்கும். அத்தயக்கமே உதவி வேண்டிக் குழந்தை எழுப்பும் குரல் எனலாம்.

2019ஆம் ஆண்டுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஓராண்டில் ஏறத்தாழ 20 இலட்சம் குழந்தைகள் இறந்தே பிறக்கின்றன. அவற்றுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை பேறுவலி தொடங்கிய பின்னர் நிகழ்பவை. பேறுவலி தொடங்கும்வரை உயிரோடு இருந்த குழந்தைகள் அவை. உரிய நேரத்தில் கேட்டிருந்தால், கேட்டதும் விரைந்திருந்தால், அவற்றுள் பல பிழைத்திருக்கும்.

செவியும் குழலும்

1816ஆம் ஆண்டில் பாரிசு நகர மருத்துவர் இலென்னெக், தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இதயமானி எனப்படும் ஸ்டெதாஸ்கோப் அவ்வாறு பிறந்தது. 1818இல் ஜெனீவா நகர மருத்துவர் மேயர், தாயின் வயிற்றின் வழியே கருவின் இதய ஒலியைக் கேட்க முடியும் என்று தெரிவித்தார்.

1821இல் கெர்கரதெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பனிக்குடநீரில் குழந்தை அசையும் ஒலியைக் கேட்கலாம் என்று எண்ணிக் கருவுற்ற பெண்ணின் வயிற்றில் குழலை வைத்தார். நீரொலிக்கு மாறாகக் கடிகாரத்தின் ஒலி போன்ற விரைவான இரட்டைத் துடிப்பு அவர் செவியில் விழுந்தது. தாயின் நாடியோடு ஒப்பிட்டு, அது தாயின் துடிப்பன்று, குழந்தையின் துடிப்பே என்று தெளிந்தார். அவர் செய்த அவ்வொப்பீடு இன்றும் மருத்துவர்கள் தவறாது செய்ய வேண்டிய செயலாக உள்ளது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

1895இல் அடோல்ஃப் பினார் என்னும் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் இதற்கெனத் தனிக் குழலை உருவாக்கினார். ஒரு முனை மணிபோல் விரிந்தும் மறுமுனை தட்டையாகவும் அமைந்த அக்குழல் மரத்தாலோ உலோகத்தாலோ ஆனது. விரிந்த முனையைத் தாயின் வயிற்றில், குழந்தையின் முதுகு இருக்கும் பக்கத்தில் பொருத்தி, தட்டையான முனையில் செவியை வைத்துக் கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டா, மின்கலம் வேண்டா. பயிற்சி பெற்ற ஒரு செவி மட்டுமே வேண்டும்.

சென்னையில் 1844இல் தொடங்கப்பெற்ற மகப்பேறு மருத்துவமனை, பின்னர் எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சென்னையின் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றிய முதல் பெண் என்னும் பெருமைக்குரியவர். இலட்சுமணசாமி முதலியார் 1938இல் வெளியிட்ட மகப்பேறு மருத்துவப் பாடநூல், கிருஷ்ண மேனனின் பங்களிப்போடு பல பதிப்புகள் கண்டு இன்றும் மருத்துவ மாணவர்களால் பயிலப்படுகிறது.

ஒலியைத் தேடும் ஒலி

தொடர்வண்டி நிலையத்தில் நிற்பவர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஊதியவாறு நெருங்கிவரும் வண்டியின் ஒலி கூர்மையாகக் கேட்கும். கடந்து செல்லும்போது அதே ஒலி கனத்துத் தாழும். ஒலி எழுப்பும் பொருள் நகர்வதால் அதிர்வெண் மாறித் தோன்றும் இவ்விளைவை 1842இல் கிறித்தியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் விளக்கினார். விண்மீன்களின் ஒளியைப் பற்றி அவர் சிந்தித்தபோது எழுந்த கொள்கை அது. 1845இல் நெதர்லாந்து நாட்டில் தொடர்வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஓட்டி, அக்கொள்கை ஒலிக்கும் பொருந்தும் என்று பைசு பாலட் மெய்ப்பித்தார்.

மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. அதனை மீயொலி என்பர். கையடக்க டாப்ளர் கருவி வினாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் அதிர்வுகளைக் கொண்ட மீயொலியைத் தாயின் வயிற்றுக்குள் அனுப்புகிறது. துடிக்கும் இதயச்சுவரின் மீது பட்டு எதிரொலிக்கும் அலையின் அதிர்வெண் சிறிது மாறித் திரும்புகிறது.

அம்மாற்றத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உடல் திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர். இதயச்சுவர் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் அசைவதாகக் கொண்டால், அதிர்வெண் வேறுபாடு வினாடிக்கு ஏறத்தாழ 130 ஆகும். அது மனிதச் செவிக்கு எட்டும் எல்லைக்குள் அமைகிறது. அவ்வேறுபாட்டையே கருவி ஒலியாக மாற்றி ஒலிபெருக்கியின் வழியே தருகிறது.

இங்கு நுட்பமான ஓர் உண்மை உள்ளது. ஃபீட்டோஸ்கோப்பில் கேட்பது இதயம் எழுப்பும் ஒலி. டாப்ளரில் கேட்பதோ அசைவு ஒன்றைக் கருவி ஒலியாக மாற்றித் தருவது. அசைவது எதுவாயினும் டாப்ளர் ஒலி எழுப்பும். தாயின் குருதிக்குழாயில் ஓடும் குருதியும் அதில் ஒலிக்கும். பதற்றத்தாலோ காய்ச்சலாலோ தாயின் நாடி விரைந்திருந்தால், அதனைக் குழந்தையின் துடிப்பு எனத் தவறாகக் கொள்ள நேரிடும். எனவே கருவியைப் பிடித்திருக்கும் செவிலியர், மற்றொரு கையால் தாயின் மணிக்கட்டில் நாடி பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் துடித்தால் கேட்பது குழந்தையின் ஒலியன்று. கெர்கரதெக் அன்று செய்த ஒப்பீடு இன்றும் வேண்டப்படுவதன் காரணம் இதுவே.

தெரிந்து தெளிவோம்

எண்ணும் முறை: கருவின் இதயத்துடிப்பை ஒரு முழு நிமிடமேனும் எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினும் விடையில் நான்கு துடிப்புகள் பிழையாகும். பேறுவலியின் முதல் நிலை தீவிரமடைந்த பின் 15 முதல் 30 நிமிடத்திற்கு ஒரு முறையும், குழந்தை வெளிவரும் இரண்டாம் நிலையில் 5 நிமிடத்திற்கு ஒரு முறையும் கேட்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வலி வந்து தணியும் வேளையிலும், தணிந்த பின்னரும் கேட்பது இன்றியமையாதது.

தாளில் எழுதும் கருவி

விட்டுவிட்டுக் கேட்பதற்கு மாறாக, இடைவிடாது பதிவு செய்யும் கருவிகள் 1950களின் இறுதியிலிருந்து உருவாயின. அமெரிக்காவில் எட்வர்டு ஹான் என்பவரும் ஜெர்மனியில் ஹம்மாஹர் என்பவரும் இத்துறையின் முன்னோடிகள். மருத்துவமனைகளில் சி.டி.ஜி. என்று வழங்கும் இக்கருவியில் இரு பட்டைகள் தாயின் வயிற்றில் கட்டப்படும். ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பையும் மற்றொன்று கருப்பை சுருங்குவதையும் உணரும். இரண்டும் நகரும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகளாக வரையப்படும்.

அக்கோடுகளைப் படிப்போர் நான்கினை நோக்குவர். முதலாவது, துடிப்பின் அடிப்படை எண்ணிக்கை. இரண்டாவது, அதில் காணும் சிறு ஏற்ற இறக்கம். மூன்றாவது, குழந்தை அசையும்போது துடிப்பு விரைவுபெறுதல். நான்காவது, துடிப்பு தாழ்தல். வலியோடு தாழ்ந்து வலியோடு மீள்வது பெரும்பாலும் தலை அழுந்துவதால் நேர்வது, அதனால் தீங்கில்லை. வலி உச்சமடைந்த பின் தாழத் தொடங்கி, வலி தணிந்த பின்னும் தாமதமாக மீள்வது எச்சரிக்கை ஆகும்.

இடைவிடாப் பதிவு எல்லோருக்கும் நல்லதே என்று தோன்றலாம். ஆய்வு அவ்வாறு கூறவில்லை. 37,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இடைவிடாப் பதிவால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும் குழந்தை இறப்போ மூளை முடக்குவாதமோ குறையவில்லை; அறுவைச் சிகிச்சை மட்டும் மிகுந்தது. நலமான குழந்தையின் கோட்டிலும் ஐயத்திற்கு இடமான வளைவுகள் தோன்றுவதும், ஐயம் எழுந்தால் அறுவையை நாடுவதும் இதற்குக் காரணங்கள். ஆதலால் சிக்கல் ஏதுமின்றித் தானே வலி கண்ட நலமான தாய்க்கு இடைவிடாப் பதிவு வேண்டா. முறையாக விட்டுவிட்டுக் கேட்டலே தகும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. உயர் குருதி அழுத்தம், வளர்ச்சி குன்றிய கரு, செயற்கையாகத் தூண்டப்பட்ட வலி போன்ற நிலைகளில் சி.டி.ஜி. பெரிதும் பயன்படுகிறது.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பேறுகள் அறுவைச் சிகிச்சையின் வழி நிகழ்ந்துள்ளன. இதற்குக் காரணங்கள் பல. கருவி காட்டுவதைப் பொருளறிந்து படிக்கும் திறனை வளர்ப்பது, தேவையற்ற அறுவையைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்றாகும்.

மின்னலையைப் பிரித்தறிதல்

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் நுண்ணிய மின்னலை எழுகிறது. தாயின் உடலிலிருந்து கருவின் மின்னலையை 1906இலேயே கிரெமர் என்னும் ஜெர்மானிய அறிஞர் பதிவு செய்தார். எனினும் பல ஆண்டுகள் அது பெரிதும் பயன்படவில்லை. குழந்தையின் மின்னலை மிகச் சிறியது. தாயின் மின்னலை அதனினும் பல மடங்கு பெரியது. இரண்டும் கலந்தே வயிற்றில் கிடைக்கின்றன.

களத்து மேட்டில் தூற்றும்போது பதர் பறந்து நெல்மணி தங்குவதைப் போல, இங்கும் வேண்டாததை நீக்கி வேண்டியதைக் கொள்ள வேண்டும். 1975இல் அமெரிக்க அறிஞர் பெர்னார்டு விட்ரோவும் உடன் ஆய்ந்தோரும் அதற்கு ஒரு வழி காட்டினர். தாயின் மார்பில் வைத்த மின்வாய் தாயின் அலையை மட்டும் பதியும். வயிற்றில் வைத்த மின்வாய் இருவர் அலையையும் பதியும். முதலாவதைக் கொண்டு இரண்டாவதிலுள்ள தாயின் பங்கைக் கணித்துக் கழித்தால், குழந்தையின் அலை எஞ்சும். கணிப்பொறியின் ஆற்றல் பெருகியதால் இம்முறை இன்று உடலில் ஒட்டும் சிறு கருவிகளுக்கு வழிவகுத்துள்ளது. பெங்களூருவின் ஜனித்ரி நிறுவனம் உருவாக்கிய கேயர் என்னும் கருவி அவற்றுள் ஒன்று. இத்தகைய கருவிகளை அணிந்த தாய் படுக்கையிலேயே கிடக்க வேண்டுவதில்லை, எழுந்து நடமாடலாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 28 முதல் 32 வாரம் வரை குழந்தையின் தோலை மூடும் வெண்ணிற மெழுகுப் படலம் மின்சாரத்தைத் தடுப்பதால், அக்காலத்தில் அலை மங்கலாகவே கிடைக்கும். கருவிகள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதில்லை என்பதும், ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் பயன்தரும் என்பதும் இதனால் விளங்கும்.

கடைமடையில் ஒரு செவி

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் பிரிக்கப்பட்டது நாகப்பட்டினம் மாவட்டம். 2020இல் மயிலாடுதுறை அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. ஒருபுறம் விரிகடலும் மறுபுறம் வயல்களும் வாய்க்கால்களுமாக அமைந்த நிலம் இது. நாகூர், வேளாங்கண்ணி, கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம், கோடியக்கரை என நீளும் இப்பகுதியில் உழவர், மீனவர், உப்பளத் தொழிலாளர் ஆகியோர் வாழ்கின்றனர்.

சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அங்குப் பணியாற்றும் கிராம சுகாதாரச் செவிலியரே கருவுற்ற பெண்ணை முதலில் சந்திப்பவர். பிக்மி என்னும் பதிவு எண் பெறுவது, குருதி அழுத்தமும் இரும்புச்சத்தும் பார்ப்பது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு வழிகாட்டுவது ஆகியவை அவர் பணிகள். கருவின் இதயத்துடிப்பைக் கேட்டுத் தாய்சேய் நலக் குறிப்பில் எழுதுவதும் அவற்றுள் ஒன்று. குறிப்பில் இடம்பெறும் அச்சிறு எண், அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சிக்கல் உள்ள தாய்மார்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து, அறுவை அரங்கும் குருதி வங்கியும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உடைய சீமாங் மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். நெடுங்காலம் உயர்சிகிச்சை வேண்டிய டெல்டாத் தாய்மார்களுக்குத் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை புகலிடமாக விளங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். திருவாரூரில் 2010இலும், நாகப்பட்டினத்தை அடுத்த ஒரத்தூரில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. 2008 முதல் 108 அவசர ஊர்தி இயங்குகிறது. இத்தகைய ஏற்பாடுகளால் தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன.

எனினும் இம்மண்ணை இயற்கை அவ்வப்போது சோதிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலால் மரங்கள் சாலைகளில் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, பல சிற்றூர்கள் நாள்கணக்கில் இருளில் மூழ்கின. பேறுவலி புயலுக்காகக் காத்திருப்பதில்லை. அத்தகைய வேளையில் மின்கலம் தீர்ந்த டாப்ளர் ஒலிக்காது, சி.டி.ஜி. இயங்காது. பினார் வடித்த குழலும் அதனைப் பயன்படுத்தத் தெரிந்த செவியும் மட்டுமே உடனிருக்கும். எனவே புதிய கருவியைக் கற்கும் செவிலியர் பழைய குழலை மறவாதிருப்பது கடற்கரை மாவட்டத்தில் இன்றியமையாதது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் பேறுகாலம் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பதும் இதனாலேயே. தாயுமானவர் கதையில் வெள்ளம் தடுத்த உதவியை, முன்னேற்பாட்டால் கரைசேர்க்கும் வழி அது.

கேட்டபின் செய்வது

இன்று கையடக்க டாப்ளர் கருவிகள் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுகின்றன. வீட்டிலிருந்தபடியே குழந்தையின் துடிப்பைக் கேட்கும் ஆவல் இயல்பானது. ஆனால், அதில் இடர் உண்டு. குழந்தையின் அசைவு குறைந்ததை உணர்ந்த ஒரு தாய், வீட்டுக் கருவியில் ஒலி கேட்டதால் மன அமைதி அடைந்து, மருத்துவமனை செல்லத் தாமதித்து, குழந்தையை இழந்த நிகழ்வு 2009இல் இங்கிலாந்தின் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது. துடிப்பு இருக்கிறது என்பது அந்நேரத்தில் உயிர் இருக்கிறது என்பதை மட்டும் கூறும். குழந்தை நலமாக உள்ளது என்பதைக் கூறாது. பயிற்சியில்லாச் செவிக்குத் தாயின் குருதியோட்டமும் குழந்தையின் துடிப்பாகவே கேட்கும்.

உண்மையில், கருவைக் கண்காணிக்கும் முதற்கருவி தாயின் உணர்வே. ஏழாம் மாதத்திற்குப் பின் குழந்தையின் அசைவு எவ்வேளையில் மிகும், எவ்வேளையில் தணியும் என்பதைத் தாய் நன்கறிவாள். அவ்வழக்கம் மாறி அசைவு குறைந்தால், நாளை பார்க்கலாம் என்று இருத்தல் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவள் சொல்வதை வீட்டார் செவிமடுக்க வேண்டும். அறுவடை வேலை, திருவிழா, வாகனமின்மை என எதுவும் அதற்குத் தடையாதல் கூடாது.

ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்திக் கை நிறைய வளையல் பூட்டுவது நம் வழக்கம். ஆறாம் மாதம் முதல் கருக்குழந்தை ஒலிகளுக்குச் செவிகொடுக்கத் தொடங்குகிறது என்று அறிவியல் கூறுகிறது. வெளியுலகின் ஒலியைக் குழந்தை கேட்கிறது. குழந்தையின் ஒலியைக் கேட்பதும், கேட்டதன் பொருளை உணர்வதும், உணர்ந்தவுடன் விரைவதும் வெளியில் இருப்போர் கடமை. குழலோ மீயொலியோ மின்வாயோ ஒலியைக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு மறுமொழி தர வேண்டியவர் செவிலியரும் மருத்துவரும் ஊர்தி ஓட்டுநரும் குடும்பத்தாருமே.

தெரியுமா?

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து தெரிவிப்பது, 1994ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இதயத்துடிப்பின் விரைவைக் கொண்டு ஆண், பெண் எனக் கூறலாம் என்பது அடிப்படையற்ற நம்பிக்கை. துடிப்பின் எண்ணிக்கைக்கும் குழந்தையின் பாலுக்கும் தொடர்பில்லை.

கலைச்சொல் அறிவோம்

மீயொலி – அல்ட்ராசவுண்ட்
மின்வாய் – எலக்ட்ரோடு
அதிர்வெண் – ஃப்ரீக்வென்சி
பனிக்குடநீர் – கருக்குழந்தையைச் சூழ்ந்துள்ள நீர்
உயிர்வளி – ஆக்சிஜன்

இலக்கணக் குறிப்பு

விரிகடல் – வினைத்தொகை
தாய்சேய் – உம்மைத்தொகை
கேளா ஒலி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
கேட்டல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

கேட்டு = கேள்(கேட்) + ட் + உ
கேள் – பகுதி (‘கேட்’ ஆனது விகாரம்). ட் – இறந்தகால இடைநிலை. உ – வினையெச்ச விகுதி.

அறிந்த = அறி + த்(ந்) + த் + அ
அறி – பகுதி. த் – சந்தி (‘ந்’ ஆனது விகாரம்). த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரைச் சந்தித்து, கருவுற்ற தாய்மார்களுக்கு அவர் ஆற்றும் பணிகளைக் கேட்டறிந்து ஒரு நேர்காணலாகத் தொகுக்க.
2. புயல் எச்சரிக்கை வெளியிடப்பட்டுள்ளது. உங்கள் ஊரில் பேறுகாலம் நெருங்கிய பெண்களுக்குச் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகளைப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. ஓய்வாக அமர்ந்து உங்கள் நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுக. பின்னர் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குக. இரு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக் காரணம் கூறுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நிறைமாதக் கருக்குழந்தையின் இயல்பான இதயத்துடிப்பு நிமிடத்திற்கு
அ) 60 – 100 ஆ) 80 – 110 இ) 110 – 160 ஈ) 170 – 200

2. மின்சாரமோ மின்கலமோ இன்றிக் கருவின் இதய ஒலியைக் கேட்க உதவுவது
அ) டாப்ளர் ஆ) சி.டி.ஜி. இ) ஸ்கேன் ஈ) பினார் குழல்

3. பொருத்துக.
க) 1816 – 1) பினார் குழல்
ங) 1842 – 2) இதயமானி
ச) 1895 – 3) கருவின் மின்னலைப் பதிவு
ஞ) 1906 – 4) டாப்ளர் விளைவு
அ) 2, 4, 1, 3 ஆ) 4, 2, 3, 1 இ) 2, 1, 4, 3 ஈ) 1, 4, 2, 3

குறுவினா

1. கருவின் இதயத்துடிப்பைக் கேட்கும்போது தாயின் நாடியையும் பார்ப்பது ஏன்?
2. தாயுமானவர் கதையில் வெளிப்படும் ஆற்றுப்படுகை மக்களின் அச்சம் யாது?
3. கருவின் மின்னலையைப் பதிவு செய்வதில் உள்ள இடர்கள் இரண்டினைக் கூறுக.

சிறுவினா

1. ஃபீட்டோஸ்கோப்பில் கேட்கும் ஒலிக்கும் டாப்ளரில் கேட்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. நலமான தாய்க்கு இடைவிடாப் பதிவு வேண்டா என்று கூறப்படுவதன் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. ‘துடிப்பு கேட்கிறது, ஆதலால் கவலையில்லை’ – இக்கூற்று ஏற்புடையதா? காரணம் தருக.

நெடுவினா

1. கருவின் உயிரொலியைக் கேட்டறியும் முறைகள் வளர்ந்த வரலாற்றைத் தொகுத்து எழுதுக.
2. ‘கருவி ஒலியைக் கொண்டுவந்து சேர்க்கும், மறுமொழி தர வேண்டியவர் மனிதரே’ – நாகப்பட்டினம் மாவட்டச் சூழலைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.